குளிர்த்திக் குளிசை

எழுதத் தொடங்கும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணல். வசனத்தை எங்கே முடிப்பது என்று தெரியாது. சொல்ல வந்தது பாதியில் மறந்தும் போகும். எங்கள் மகளிர் சங்கத்துப் பிள்ளைகள் மலர் ஒன்று போடுகிறார்களாம். மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி வீட்டுக்கே வந்துவிட்டார்கள். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது, எதற்கும் ஓம் என்றுதான் வாயில் வரும். அவர்கள் எதிர்பார்த்தது நல்ல மனிதர் ஒருவரைப் பற்றியாக இருக்கும். எனக்கு மறக்க முடியாதவர் இவர்தான். பெயரை எழுதவில்லை, அவருடைய பிள்ளைகள் இந்த ஊரில்தான் குடும்பமாக இருக்கிறார்கள். மச்சாள் என்றே எழுதுகிறேன். சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனால் அவர் என்னையும் நான் அவரையும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

மச்சாள் எதையும் விளக்கம் சொல்லாமல் விடமாட்டார். சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவரிடம் ஒரு மீனைத் தூக்கிச் செவுளை விரித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பேசாமல் வைக்கமாட்டார். இது ஏன் சிவந்திருக்கிறது, நேற்றுப் பிடித்தது ஏன் மங்கிப்போகும், ஐஸில் கிடந்தது கண்ணில் எப்படித் தெரியும் என்று பக்கத்தில் நிற்கிற எங்களுக்கெல்லாம் சொல்லுவார். மீன்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: “அக்கா, நீங்க மீன் வாங்கப் போறீங்களா, பள்ளிக்கூடம் வைக்கப் போறீங்களா?” மச்சாளுக்குக் கோபம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தருவதில்லை என்பதால்தான் நீ பழைய மீனை விற்கிறாய் என்று சிரித்தார்.

கடல் பக்கம் முகத்துவாரம் வெட்டித் திறந்ததும் வாவித் தண்ணீர் ஏன் உவர்க்கிறது, மழைக்குப் பிறகு இறால் ஏன் கரைக்கு வருகிறது, எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. நான் காலம் முழுக்க இடியப்பம் அவித்து விற்றவள். மாவை ஏன் வறுக்க வேண்டும் என்று எனக்கே சொல்லித் தந்தார். அது சரியாகவும் இருந்தது.

இதைத் தொல்லை என்று நினைத்தவர்கள் உண்டு. நான் அப்படி நினைத்ததில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு சாவு வீடு. தகப்பன் காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே சரிந்துவிட்டார். மகள் தலையில் அடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வேளைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரே என்று கத்திக்கொண்டிருந்தாள். எல்லோரும் அழாதே அழாதே என்றார்கள். மச்சாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, இருதயத்துக்குப் போகிற குழாய் எப்படி அடைபடும், அடைபட்டால் எவ்வளவு கெதியில் எல்லாம் முடிந்துவிடும், பக்கத்து வீட்டில் டாக்டர் இருந்திருந்தாலும் ஏன் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் மச்சாள் எனக்குள் பெரிய ஆளானார்.

நான் கூச்சக்காரி. டாக்டருக்கு முன்னால் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் சுகமா என்று கேட்டால் ஓம் என்பேன், நோகிறதா என்று கேட்டாலும் ஓம் என்பேன். மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். எனக்கு என்ன வருத்தம் என்று எனக்கே யாரும் சொன்னதில்லை. சொன்னால் விளங்கும் என்று யாரும் நினைக்கவுமில்லை. மச்சாளிடம் கேள்வியே கேட்கத் தேவையில்லை. என் முகத்தைப் பார்த்து, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லுவார்.

அவர் இளவயதில் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனவர். அங்கே ஒரு சீனக் குடும்பத்தில் படுத்த படுக்கையாக இருந்த கிழவியைப் பார்த்துக்கொண்டு நெடுங்காலம் இருந்தாராம். கிழவிக்கு மூட்டெல்லாம் வீக்கம். தினமும் மண்சட்டியில் வேரும் பட்டையும் பூவும் அவித்துக் கொடுக்க வேண்டும். மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு மச்சாள் அந்த வேரையும் பூவையும் படித்துக்கொண்டார். திரும்பி வந்த பிறகும் அங்கிருந்து யாரோ அவருக்குப் பொதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

என் கைக்கு வருகிறேன். விடிந்தால் விரல்கள் மடங்காது. விரல் மூட்டு மொளிகள் பாக்குப்போல வீங்கிச் சிவந்து, தொட்டால் சுடும். இடியப்ப உரலைப் பிடித்து அழுத்த வேண்டும் என்றால் மணிக்கட்டில் பலம் வேண்டும். பெரிய ரோட்டில் இருக்கிற சாப்பாட்டுக் கடைக்கு நான்தான் இடியப்பம் கொடுக்கிறவள். என் புருஷன் செத்த பிறகு எனக்கும் மகளுக்கும் அந்த உரல்தான் சோறு போட்டது. கிளினிக்கில் தந்த குளிசை மெதுவாக வேலை செய்யும் என்றார்கள். எனக்கு மெதுவாக இருக்க நேரமில்லை.

மச்சாள் என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விளக்கம் சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

“கேளுங்க மச்சாள். முற்றத்தில கருவாடு காயப் போட்டிரிக்கீங்க. ஒரு காகம் கண்டா என்ன செய்யும்?”

“கத்தும்.”

“கத்தினா?”

“எல்லாக் காகமும் வந்திரும்.”

“அதுதான் ஒங்கட மொளிக்குள்ள நடக்கிற.”

உடம்புக்குள் காவல் இருக்கிறதாம். முள் குத்தினால் அதில் ஒன்று சத்தம் போடும். அந்தச் சத்தம் குரல் இல்லை, ஒரு வகைச் சாறு. அதை அறிந்து மற்றவை ஓடி வரும், இரத்தமும் கூடி வரும். அதனால்தான் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், நோகும். அது நல்லதுக்குத்தான், புண் அப்படித்தான் ஆறுகிறது. ஆனால் என் விரலில் முள்ளே இல்லை. இல்லாத முள்ளுக்கு ஒரு காகம் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறது. எல்லாக் காகத்தையும் கல்லால் அடித்துத் துரத்த முடியாது, முதல் காகத்தின் வாயைப் பொத்த வேண்டும் என்றார். பிறகு ஒரு மஞ்சள் வேர்த்துண்டைக் காட்டி, இதற்குள் இருக்கிற ஒரு சத்துக்கு அந்த வேலை தெரியும் என்றார். அதன் பெயர் பைக்காலின் என்று நினைக்கிறேன். என் காதில் முதலில் வைகாளி என்றுதான் விழுந்தது. இன்னொரு வேரை வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார். இனித்தது. அட, நம்முடைய அதிமதுரம். வீக்கத்தை அடக்க உடம்பே ஒரு பொருளைச் சுரக்கிறதாம், அது சீக்கிரம் அழிந்துபோகாமல் இது பிடித்து வைக்குமாம். மூன்றாவது ஒரு பூ மொட்டு. கொடியில் வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறுமாம். சீனர் அதைப் பொன்வெள்ளிப் பூ என்பார்களாம்.

எனக்கு எல்லாம் விளங்கியது. என் உடம்பைப் பற்றி எனக்கு விளங்கிய முதல் நாள் அது. வீட்டுக்கு வந்து மகளுக்கு அப்படியே சொல்லிக் காட்டினேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

கஷாயம் பொல்லாத கசப்பு. ஒழுங்காகக் குடித்தேன். காலை விறைப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, உரல் அழுத்துகிற அளவுக்கு இல்லை. ஒரு விடியற்காலை உரல் கையிலிருந்து நழுவி மாவோடு தரையில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மச்சாள் வந்தார். நான் அழுதுகொண்டு மாவை அள்ளிக்கொண்டிருந்தேன். அவர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த கிழமை கூட்டுக் குளிசை கொண்டு வந்தார். மெல்லிய வழுவழுப்பான கூட்டுக்குள் மண்ணிறத் தூள். அதே மூலிகைதான், சத்தை மட்டும் இறக்கி எடுத்தது, கஷாயத்தைவிடக் கெதியாகப் பிடிக்கும் என்றார். இரண்டொரு நாளில் கையைப் பொத்திப் பிடித்தேன். பொத்த முடிந்தது. அன்றைக்கு உரல் என் கையில் விளையாட்டுச் சாமான் போல இருந்தது. மச்சாளின் கையைப் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

“வீக்கமெண்டா நெருப்பு மச்சாள். இது அதுக்குக் குளிர்த்தி” என்றார்.

எங்கள் பக்கத்தில் குளிர்த்தி என்றால் சின்ன வார்த்தை இல்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடக்கும். கடைசியில் அம்மனின் கோபத் தீயை ஆற்றுகிறதுதான் குளிர்த்தி. அந்தப் பெயர் ஊரில் ஒட்டிக்கொண்டது. முழங்கால் வீங்கியவர்கள், முதுகு பிடித்தவர்கள் எல்லோரும் குளிர்த்திக் குளிசை கேட்டு மச்சாள் வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் காகத்தின் கதையைச் சலிக்காமல் சொன்னார். இரண்டு மருந்து ஒன்றாகப் போகக்கூடாது என்று அவர் சொன்னதால் நான் கிளினிக்குக்குப் போவதை விட்டேன்.

எனக்கு முகம் உருண்டு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூரித்திருக்கிறாய் என்றார்கள். மச்சாள், இரத்தம் சுத்தமாகிறது என்றார். கதவில் கை பட்டாலே தோலில் நீலம் பாய்ந்தது. கெட்டது வெளியே வருகிறது என்றார். ஓயாமல் பசித்தது. அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். அவர் சொல்லிப் பிழையாய்ப் போனது எதுவும் இல்லையே.

வைகாசி வந்தது. சடங்கு முடியும்வரை எங்கள் வீட்டில் மீன் மச்சம் அடுப்பில் ஏறாது, சட்டி பானையும் வேறு. அப்போது கோயில் வளவில் ஒருத்தி சொன்னாள், அந்தக் குளிசைக் கூடு மாட்டு எலும்பையும் தோலையும் அவித்துச் செய்கிறதாம் என்று. மச்சாளிடம் போனேன். அவர் பொய் சொல்லவில்லை. ஓம், அப்படித்தான் செய்கிறார்கள் என்று, எப்படி அவிப்பது, எப்படி அச்சில் தோய்த்து எடுப்பது எல்லாம் சொன்னார். கூட்டைக் கழற்றித் தூளைத் தேனில் குழைத்துக் குடிக்கலாமாம். அந்தத் தூள் இவ்வளவு நாளும் கூட்டுக்குள்தானே கிடந்தது என்று நான் இழுத்தேன். சடங்கு முடியும்வரை விட்டுவிட்டுப் பிறகு குடிக்கிறேன் என்றேன்.

மச்சாளின் முகம் மாறியது.

“நிப்பாட்டக்கூடாது மச்சாள்.”

“ஏன் கா?”

“நிப்பாட்டாதீங்க எண்டா நிப்பாட்டாதீங்க.”

எதற்கும் காரணம் சொல்கிற மனுசி காரணம் சொல்லாத ஒரே இடம் அது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. அவர் அம்மன் மேல் பக்தி கூடிய ஆள் இல்லை, அதனால் சினந்துகொண்டார் என்று நினைத்தேன். ஓம் என்று சொல்லிவிட்டு வந்து, குளிசைப் போத்தலைத் துணியில் சுற்றி வீட்டுக்கு வெளியே கோடிப்புறத்தில் வைத்துவிட்டேன்.

முதலில் கை நொந்தது. விரதத்தில் நோவது அம்மனுக்குக் கொடுப்பது என்று பொறுத்தேன். பிறகு எழும்பினால் தலை சுற்றியது, தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. குளிர்த்தி நாள் மத்தியானப் பூசைக்கு மகள் என்னைப் பிடித்துக்கொண்டு போனாள். பறை அடிக்கத் தொடங்கினார்கள். என் கை கால் நடுங்கியது, கண் இருண்டது, மண்ணில் விழுந்தேன். பறை அடிக்கும்போது விழுந்தால் எங்கள் ஊரில் என்ன நினைப்பார்கள்? தெய்வம் வந்துவிட்டது என்று பெண்கள் குரவை போட்டார்கள். கப்புகனார், அவர்தான் கோயில் பூசை செய்கிறவர், வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாக வந்தார். வாக்குச் சொல்லு தாயே என்று யாரோ என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனால் காது கேட்டது.

அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மச்சாள் வந்தார். “இது தெய்வமில்ல. ஓட்டோ புடிங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்று கத்தினார். கப்புகனார் ஏதோ சொல்ல, அவரையும் ஏசினார். என்னைத் தூக்கி ஏற்றியதும் அவர்தான், வழி முழுக்க என் தலையை மடியில் வைத்திருந்ததும் அவர்தான். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. என் மகளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தையைத் தேடி டாக்டர்மார் எவ்வளவு நேரம் மினக்கெட்டார்கள் என்று மகள் பிறகு சொன்னாள். சேலைன் ஏற்றினார்கள், இரத்தம் எடுத்தார்கள், நான் போய்விடுவேன் என்று நினைத்து மகள் சித்தாண்டியில் இருக்கிற என் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். கடைசியில் யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர் ஒருவர், சின்னப் பிள்ளை, என் உருண்டை முகத்தையும் கையில் இருந்த நீலங்களையும் பார்த்துவிட்டு, என்ன குளிசை போட்டார் என்று மகளிடம் கேட்டார். அவள் ஓடிப்போய்க் கோடியில் கிடந்த போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு நினைவு தெளிந்த பிறகு டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அம்மா, இதுக்குள்ள ஸ்டீரொயிட் அரைச்சுக் கலந்து கிடக்குது. உங்கட உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுரக்கும். வெளியில இருந்து நிறைய வந்தவுடன உடம்பு தன்ர வேலையை விட்டிட்டுது. நீங்கள் டக்கெண்டு நிப்பாட்டினவுடன ரெண்டு பக்கமும் இல்லாமல் போச்சு.”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டாக்டரிடம் நான் கேள்வி கேட்டேன்.

“அப்ப அந்த வேர், பூ ஒண்டும் வேலை செய்யாதா?”

அவர் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்து சொன்னார். அந்த மஞ்சள் வேரில் அப்படி ஒரு சத்து இருப்பது உண்மைதானாம். வீக்கத்துக்கு ஆள் கூப்பிடுகிற அந்தச் சாற்றை அது குறைப்பதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்களாம். ஆனால் மனிதருக்கு எவ்வளவு கொடுப்பது, யாருக்குப் பிடிக்கும், யாருக்குக் கெடுதல் என்பது இன்னும் முழுதாகத் தெரியாதாம். அதிமதுரம் கூடினால் பிரஷர் ஏறுமாம். எதுவானாலும் இரண்டொரு நாளில் கையைப் பொத்த வைக்கிற வேலை மூலிகைக்கு இல்லை என்றார்.

ஆக மச்சாள் சொன்ன விளக்கம் பொய் இல்லை. அந்த விளக்கத்தின் மேல் வைத்துத் தந்ததுதான் வேறு. முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பின்னேரம் மச்சாள் வந்தார். மகள் முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டாள். அவர் வாசற்படியில் இருந்து, வழமைபோல விளக்கம் சொல்லத் தொடங்கினார். சிங்கப்பூர்க் கிழவிக்கும் டாக்டர் அந்த ஸ்டீரொயிட்டைத்தான் கொடுத்தாராம். நெடுநாள் குடித்தும் ஒன்றும் ஆகவில்லையாம். கஷாயம் நல்லதுதான், ஆனால் அது பிடிக்கும்வரை சாப்பாட்டுக் கடைக்காரர் எனக்காகக் காத்திருக்க மாட்டாராம். மாவை அள்ளிக்கொண்டு நான் அழுததைப் பார்த்து அவருக்கு அன்றிரவு நித்திரை வரவில்லையாம். மற்றவர்களும் வலியோடு வரும்போது கொடுக்காமல் இருக்க முடியவில்லையாம். ஊரில் காசுக்குச் செய்தார் என்கிறார்கள். என்னிடம் அவர் ஒரு சதமும் வாங்கியதில்லை, அதையும் எழுத வேண்டும்.

“ரெண்டும் செய்யிற வேலை ஒண்டுதான் மச்சாள். அதுவும் அந்தக் காகத்திட வாயைத்தான் பொத்திற. நான் சொன்னன் தானே நிப்பாட்டாதீங்க எண்டு. நீங்க ஓம் எண்டீங்க.”

நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொளிகள் மறுபடி சிவந்திருந்தன.

“ஏன் எண்டு சொல்லல்லயே கா” என்றேன்.

மச்சாள் படியிலிருந்து எழும்பிப் போனார். என் வாசலுக்கு அதன் பிறகு வரவில்லை.

ஊரில் மற்றவர்கள் அதே குளிசையைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்து ஆத்திரத்தில் எறிந்தால் என்னைப் போலவே விழுவார்கள், அதை டாக்டர் பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். மச்சாள் போய்ச் சொல்லமாட்டார். ஆகவே கூச்சத்தை விழுங்கிக்கொண்டு நான் ஒவ்வொரு வீட்டு வாசல் படலையாகத் திறந்தேன். எறிய வேண்டாம், கிளினிக்கில் போத்தலைக் காட்டுங்கள், அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுவார்கள் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். ஒருத்தி, “ஒனக்குச் சரிவரல்ல எண்டா எங்கட மருந்தில ஏன் மண் அள்ளிப் போடுறாய்?” என்று ஏசினாள். இன்னொருத்தி, உடம்பு தன் வேலையை விடுவது என்றால் என்ன என்று கேட்டாள். டாக்டர் சொன்னதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கேளுங்க மச்சாள் என்று தொடங்கிவிட்டேன். குரல்கூட அவருடையது மாதிரி இருந்தது. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் நான் பயந்துபோனேன் என்று நினைத்து, மறுநாளே கிளினிக்குக்குப் போனாள். ஊரில் வேறு யாரும் விழவில்லை.

இப்போது கிளினிக் குளிசைதான். காலையில் கை விறைக்கும். இடியப்பம் பாதியாகிவிட்டது, மற்றப் பாதியை மகள் வேலைக்குப் போகமுதல் பிழிந்து தருகிறாள். மச்சாள் பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில், சுற்றுலா வருகிறவர்களுக்கு மூலிகை எண்ணெய் பூசிக் கால் பிடித்துவிடுகிறாராம். கண்டுவிட்டு வந்த ஒருவர், அவர் வெள்ளைக்காரருக்கு ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் மேல் பொறாமைதான் வந்தது. மருந்துக்காக அல்ல. எனக்கும் சொன்னால் விளங்கும் என்று நினைத்த ஒரே ஆள் அவர். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் எனக்கு விளங்காது என்று விட்டுவிட்டாரா, விளங்கிவிடும் என்று பயந்து விட்டுவிட்டாரா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சங்கத்துப் பிள்ளைகளே, மூலிகைப் பெயர், சத்தின் பெயர், உடம்புக்குள் நடக்கிறது எல்லாம் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்க முன்னம் படித்த ஒருவரிடம் காட்டிச் சரி பாருங்கள். பிழை இருந்தால் வெட்டுங்கள், நான் குறை நினைக்கமாட்டேன். மச்சாளிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவர் சொன்னால் நான் நம்பிவிடுவேன்.